தெரிவுப் பாடம் யாருடைய தெரிவு?

இலங்கையில் ஒன்பதாம் தரத்தை முடித்துப் பத்தாம் தரத்துக்குச் செல்லும் மாணவர், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்காக அடுத்த இரண்டு ஆண்டுகள் படிக்கவேண்டிய ஒன்பது பாடங்களுள் மூன்றைத் தாமே தெரிவுசெய்ய வேண்டியவராகிறார். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயமானவை. எஞ்சிய மூன்றும், தொகுதிகள் எனப்படும் மூன்று பட்டியல்களிலிருந்து, தொகுதிக்கு ஒன்றாக எடுக்கப்படுகின்றன. வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியியற் கல்வி, முயற்சியாண்மைக் கல்வி போன்றவை முதலாவது தொகுதியிலும், சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், இலக்கிய நயம் போன்றவை இரண்டாவதிலும் இடம்பெற, தொழிலோடும் அன்றாட வாழ்வோடும் நெருங்கிய பாடங்கள் எல்லாம் மூன்றாவது தொகுதியில் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், நீருயிரின வளத் தொழினுட்பம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பமும் என நீளும் அந்தப் பட்டியலில், பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றே ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

பெற்றோர் பலர் இதை ஒரு படிவம் நிரப்பும் அலுவலாகவே கருதுகின்றனர். உண்மையில், பாடசாலை வாழ்வில் ஒரு பிள்ளையின் கையில் முறைப்படி ஒப்படைக்கப்படும் முதலாவது தொழில்சார்ந்த முடிவு இதுவே. அந்த முடிவை எடுப்பதற்கு மூன்று வகை அறிவு தேவைப்படுகிறது: உலகில் என்னென்ன தொழில்கள் உள்ளன, அவற்றுள் தனக்குப் பொருந்துவது எது என்பதை ஆராயும் அறிவு, தான் எவ்வாறு கற்கிறேன் என்பதைத் தெரிந்துகொள்ளும் அறிவு, தன் உடலை எவ்வாறு பேணுவது என்னும் அறிவு. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகள் பலவற்றில் இம்மூன்றும் தொழில் திட்டமிடல், கற்றல் திறன்கள், போசணை என்னும் பெயர்களில், அரை ஆண்டில் முடியக்கூடிய தனித்தனித் தெரிவுப் பாடங்களாக நடத்தப்படுகின்றன. இலங்கையிலோ போசணை அறிவு பரீட்சைப் பாடங்கள் சிலவற்றுக்குள் பிரிந்து கிடக்கிறது. தொழில் வழிகாட்டல் பரீட்சை இல்லாத ஒரு சேவையாக ஓரத்தில் நிற்கிறது. கற்கும் முறையைக் கற்பிக்கும் பாடத்துக்கு நேரசூசியில் பெயரே இல்லை.

சாவகச்சேரியை மையமாகக் கொண்ட தென்மராட்சி, இந்த நிலைமையை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான பிரதேசமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலில், கண்டி வீதியின் இருமருங்கும் பரந்து, தெற்கே கடல் நீரேரியைத் தொடும் இப்பகுதி பலா, மா, தென்னை, பனை ஆகியவற்றின் விளைச்சலால் அறியப்பட்டது. சாவகச்சேரிச் சந்தையும் கொடிகாமச் சந்தையும் குடாநாட்டின் ஏனைய பகுதிகளுக்குப் பழமும் தேங்காயும் வழங்கும் இடங்களாக நெடுங்காலம் விளங்கி வருகின்றன. 1904ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவந்த சாவகச்சேரி இந்துக் கல்லூரியும், டிறிபேக் கல்லூரியும், மீசாலை வீரசிங்கம் மத்திய கல்லூரியும் உள்ளிட்ட பாடசாலைகள் தென்மராட்சி கல்வி வலயத்தின் கீழ் இயங்குகின்றன. 2000ஆம் ஆண்டுப் போரில் நகரமே இடிபாடாகி, மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டு வந்து கட்டியெழுப்பிய பாடசாலைச் சமூகம் இது. தோட்டமும் நீரேரியும் பனை ஆராய்ச்சி நிறுவகமும் பாடசாலையிலிருந்து துவிச்சக்கர வண்டியில் சென்றுவரும் தொலைவில் இருக்கும் இடத்தில், மூன்றாவது தொகுதியின் பாடங்கள் புத்தகத்துக்குள் அடங்கிக் கிடக்க வேண்டிய தேவை இல்லை.

ஆயினும் வடக்கிலும் நாட்டின் பிற பகுதிகளிலும் பாடத்தெரிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வேறு காரணங்களே. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார் என்பது முதற் காரணம். ஆசிரியர் இல்லாத பாடம் பட்டியலில் இருந்தும் இல்லாததே. எந்தப் பாடத்தில் ஏ சித்தி எடுப்பது எளிது என்பது அடுத்தது. ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்தவர்களின் படங்கள் பத்திரிகைகளிலும் வீதியோரப் பதாகைகளிலும் வெளிவரும் சமூகத்தில், இந்தக் கணக்கைப் போடும் பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. மூன்றாவது காரணம் ஆண், பெண் என்ற பிரிவினை: மனைப்பொருளியல் பெண் பிள்ளைகளுக்கு, நிர்மாணத் தொழினுட்பம் ஆண் பிள்ளைகளுக்கு என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படாத விதியாக இருந்து வருகிறது. பிள்ளையின் விருப்பமும் இயல்பும் இவையெல்லாம் பேசி முடிந்த பின்னரே, கேட்கப்பட்டால், கேட்கப்படுகின்றன.

தொழிற் பாடங்களின்மீது யாழ்ப்பாணத்துக்கு இருக்கும் தயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து, அமெரிக்க மிஷனரிமார் பரப்பிய ஆங்கிலக் கல்வி, வானம் பார்த்த நிலத்தையும் கிணற்று நீரையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அரசாங்க எழுதுவினைஞர் உத்தியோகத்தின் கதவைத் திறந்துவிட்டது. கொழும்புக் கந்தோர்களும், பின்னர் மலாயாவின் புகையிரதப் பகுதியும் யாழ்ப்பாண இளைஞரால் நிரம்பின. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வந்த வீடு கல்வீடாயிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், மேய்க்க வேண்டும் என்னும் பழமொழி அந்தக் காலத்தின் பொருளாதாரத்தைத் துல்லியமாக எடுத்துரைக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டு, 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தபோது, மருத்துவத்துக்கும் பொறியியலுக்குமான இடங்கள் சுருங்கிய அளவுக்கு அவற்றின் மீதான வேட்கை பெருகியது. கைவினையும் விவசாயமும் படிப்பு வராத பிள்ளைக்கு உரியவை என்ற எண்ணம் அதனோடு சேர்ந்து இறுகியது.

அரசும் இந்த எண்ணத்தை மாற்ற முயன்று தோற்றிருக்கிறது. இலவசக் கல்விக்கு வித்திட்ட 1943ஆம் ஆண்டு கன்னங்கரா குழுவின் அறிக்கையே செயன்முறைக் கல்விக்கு ஓர் இடத்தை வகுத்திருந்தது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அதைவிடத் துணிவானது. ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றாடலில் நடைபெறும் தொழில்களிலிருந்தே பாடத்தை அமைத்துக்கொள்ளலாம் என்னும் கொள்கையோடு, தொழில் முன்னிலைப் பாடங்கள் என்ற பெயரில், அதாவது தொழிற்பயிற்சிக்கு முந்திய அறிமுகப் பாடங்களாக, அவை எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கப்பட்டன. கடற்கரைப் பாடசாலை மீன்பிடியையும் வயற்புறப் பாடசாலை வேளாண்மையையும் ஆராய வழி பிறந்தது. ஆனால் அவற்றைக் கற்பிக்கப் பயிற்சிபெற்ற ஆசிரியர் போதிய அளவில் இருக்கவில்லை. பிள்ளைகளைத் தகப்பன் தொழிலுக்கே திருப்பி அனுப்பும் சூழ்ச்சி இது என்ற ஐயம் கிராமத்துப் பெற்றோரிடமே எழுந்தது. 1977இல் ஆட்சி மாறியதும், அந்தச் சீர்திருத்தம் கொண்டுவந்த பரீட்சையும் அதனோடு இப்பாடங்களும் கைவிடப்பட்டன. 1980களில் வாழ்க்கைத் திறன்கள் என்னும் பாடமும், பிற்காலத்தில் தரம் 6 முதல் 9 வரையில் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்னும் பாடமும் வந்தன. கட்டாயப் பாடமாக இருந்தபோது வெறுக்கப்பட்ட ஒன்று, 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் தெரிவுப் பாடத் தொகுதியாக உருமாறி நிலைத்திருப்பது கவனிக்கத்தக்கது. மனமுவந்து எடுத்ததாக நினைக்கும் பாடத்தை மாணவர் மதிப்பதற்கு இடமுண்டு.

மூன்று அறிவுகளுள் போசணைக்கே நல்ல வாய்ப்புக் கிடைத்துள்ளது. உணவின் கூறுகளை உடல் எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதையும், எந்த வயதில் எது எவ்வளவு வேண்டும் என்பதையும் ஆராயும் இவ்வறிவு, மனைப்பொருளியலின் முதன்மைப் பகுதியாகவும், சுகாதாரப் பாடத்தின் ஒரு பகுதியாகவும், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் என்னும் பாடத்தில் பதனிடல் பற்றிய பகுதியாகவும் கற்பிக்கப்படுகிறது. மனைப்பொருளியல் என்பதைச் சமையலும் தையலும் எனச் சுருக்கிப் புரிந்துகொள்வது பெரும் பிழை. உணவுத் திட்டமிடல், உணவு பழுதடையும் காரணங்கள், நற்காப்பு முறைகள், குழந்தையின் வளர்ச்சிப் படிகள், குடும்ப வரவு செலவு, வீட்டின் பாதுகாப்பு, முதலுதவி எனப் பல துறைகளின் அடிப்படைகளை ஒன்றிணைக்கும் பாடம் அது. மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பட்டம் பெற்ற முதற் பெண்ணான இரசாயனவியலாளர் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ், நீரின் தூய்மையையும் உணவுக் கலப்படத்தையும் ஆராய்ந்த அனுபவத்தோடு 1899இல் நியூயோர்க் மாநிலத்தின் லேக் பிளாசிட்டில் கூட்டிய மாநாட்டிலிருந்தே இத்துறை உருப்பெற்றது என்பதை நினைத்தால், இது அடுப்படிக்குள் பிறந்த பாடம் அன்று என்பது விளங்கும். உடல்நல அறிவைத் தமிழில் சொல்லும் மரபும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847இல் இங்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவருக்கு மருத்துவம் கற்பித்து, உடற்கூறும் சுகாதாரமும் பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கி அளித்தார்.

போசணைப் பாடம் சாவகச்சேரி மாணவருக்கு உணர்த்தக்கூடிய பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினை ஆக்குவதற்கு இரும்புச்சத்து வேண்டும். அது குறையும்போது ஏற்படும் குருதிச்சோகை, மாதவிடாய் தொடங்கிய வளரிளம் பெண்களைக் கூடுதலாகப் பாதிக்கிறது. களைப்பும் கவனக்குறைவும் அதன் அடையாளங்கள் ஆதலால், சோம்பேறி எனத் திட்டு வாங்கும் பிள்ளை சிலவேளை நோயாளியாக இருக்கலாம். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படுகிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதாக உறிஞ்சப்படுவதில்லை. விற்றமின் சி உடனிருந்தால் அந்த உறிஞ்சல் கூடுகிறது. தேயிலையில் உள்ள தனின் அதைத் தடுக்கிறது. எனவே முருங்கையிலை வறையோடும் பருப்போடும் சோறு உண்டவுடன் பிளேன்ரீ குடிக்கும் வழக்கம், தட்டில் இருந்த இரும்பின் ஒரு பகுதியை வீணாக்கிவிடுகிறது. தேநீரை ஒரு மணித்தியாலம் பின்தள்ளி, கறியில் தேசிக்காய்ப்புளி விட்டாலோ, உணவோடு ஒரு கொய்யாப்பழம் உண்டாலோ, அதே உணவு அதே செலவில் கூடுதல் பயன் தரும். தாவர உணவை நம்பியிருக்கும் சைவக் குடும்பங்கள் நிறைந்த ஒரு பிரதேசத்தில் இந்தச் சிறு அறிவுக்கு மருந்தின் பெறுமதி உண்டு. இந்த அறிவு மனைப்பொருளியலைத் தெரிவுசெய்த பிள்ளைக்கு நன்கு விளக்கப்பட்டு, தகவல் தொழினுட்பத்தைத் தெரிவுசெய்த பிள்ளைக்கு விஞ்ஞானப் பாடத்தில் ஓரிரு வரிகளோடு முடிந்துபோவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

புரதத்தின் கதையும் அத்தகையதே. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு, பருப்பு, கடலை முதலிய அவரையினங்களில் அது மிகுதி, ஆனால் அவற்றில் மெதியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சோறும் பருப்பும், இடியப்பமும் பருப்புச் சொதியும், பயறு கலந்த புட்டும் இந்த விதியை ஆய்வுகூடம் இல்லாமலே கண்டறிந்த உணவுகள். ஒடியல் மாவைக் கரைத்து, மீன், இறால், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாவற்றையும் ஒரே பானையில் சேர்க்கும் ஒடியற்கூழ், மாப்பொருள், புரதம், கனியுப்பு, நார்ப்பொருள் ஆகியவற்றை ஒருவேளை உணவுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ஒரு கோப்பைக் கூழைப் பகுத்து ஆராயும் பயிற்சியைவிடச் சிறந்த போசணைப் பாடத்தை எந்தப் பாடநூலும் தந்துவிட முடியாது.

தென்மராட்சியின் பலா இன்னொரு விரிந்த பாடம். பிஞ்சில் கறியாகவும், காயில் உணவாகவும், பழுத்தபின் பழமாகவும், கொட்டையில் மாப்பொருளும் புரதமும் கலந்த சேமிப்பு உணவாகவும் பயன்படும் இம்மரம், பருவகாலத்தில் உண்டு தீர்க்க முடியாத அளவுக்குக் காய்த்து, வீணாகவும் போகிறது. நாடெங்கும் பலாக்கன்றுகளை நடச்செய்து, சிங்கள மக்களால் கொஸ் மாமா, அதாவது பலா மாமா, என அழைக்கப்பட்ட ஆர்தர் வி. டயஸ், அரிசித் தட்டுப்பாட்டுக்கு இதுவே காப்பு என நம்பினார். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் பாணும் பால்மாவும் எட்டாத விலைக்கு ஏறியபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கும் நிலை வந்தது. அவ்வாறான காலத்தில் பலாச்சுளையை உலர்த்தவும், கொட்டையை மாவாக்கவும், மாம்பழத்தைப் பதனிடவும் தெரிந்திருப்பது ஒரு குடும்பத்தின் உணவுப் பாதுகாப்பாகும். சந்தைப்படுத்தத் தெரிந்தால் அதுவே தொழிலுமாகும். சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியில், கைதடியில், பனை ஆராய்ச்சி நிறுவகம் அமைந்துள்ளது. 1978இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையோடு இணைந்த இந்நிறுவகம் பனங்களி, ஒடியல், பனங்கட்டி முதலிய பொருள்களின் தரத்தையும் புதிய பயன்களையும் ஆராய்கிறது. உணவுத் தொழினுட்பம் பயிலும் தென்மராட்சி மாணவர் அங்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்று வருவது பாடத்திட்டத்தின் இயல்பான பகுதியாக இருக்க வேண்டும்.

உணவைப் பற்றிய அறிவு கடைத்தெருவிலும் வேண்டும். இலங்கையில் 2016ஆம் ஆண்டு முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் விதி நடைமுறையில் உள்ளது. உலக சுகாதார நிறுவனம், நாளாந்தச் சக்தித் தேவையில் பத்து வீதத்துக்கு மேல் சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து வரலாகாது என்றும், நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் வீட்டுக்கு வீடு காணப்படும் இன்றைய யாழ்ப்பாணத்தில், சிற்றுண்டிச்சாலையில் கையில் எடுக்கும் பொதியின் பின்புறத்தை வாசிக்கத் தெரியாத மாணவர் ஒன்பது ஏ எடுத்தும் என்ன பயன் என்று கேட்பதில் தவறில்லை.

ஆண் பிள்ளைகளை இந்த அறிவிலிருந்து விலக்கி வைப்பது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. ஜப்பானில் மனைப்பொருளியல் 1993 முதல் இடைநிலைப் பாடசாலையிலும், 1994 முதல் உயர்நிலைப் பாடசாலையிலும் இருபாலாருக்கும் கட்டாயப் பாடமாயிற்று. 2005இல் உணவுக் கல்விக்கென்றே ஓர் அடிப்படைச் சட்டமும் அங்கு இயற்றப்பட்டது. பின்லாந்தில் ஏழாம் வகுப்பில் ஆணும் பெண்ணும் அருகருகே நின்று சமைக்கக் கற்கின்றனர். உயர்கல்விக்காகக் கொழும்புக்கும், வேலைக்காக வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய், தனியறையில் தானே சமைத்து உண்ணவேண்டிய நிலையில் தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணத்து ஆண்கள் இருந்துவருவதை எண்ணும்போது, மனைப்பொருளியல் வகுப்பில் அவர்களுக்கு ஆசனம் இல்லாதது வியப்பளிக்கிறது.

தொழில் திட்டமிடலுக்கு வரும்போது நிலைமை மெலிந்து விடுகிறது. இத்துறையின் முன்னோடி எனக் கருதப்படும் பிராங் பார்சன்ஸ், 1908இல் பொஸ்ரன் நகரில் இளைஞருக்கான தொழில் ஆலோசனை நிலையமொன்றைத் தொடங்கினார். அவர் இறந்த பின் 1909இல் வெளிவந்த நூலில், தொழிற்தெரிவுக்கு மூன்று படிகளை வகுத்திருந்தார். தன் ஆற்றல், ஆர்வம், குறைகள் ஆகியவற்றை அறிதல் முதற்படி. தொழில்களின் தேவைகள், வருமானம், வாய்ப்புகள் ஆகியவற்றை அறிதல் இரண்டாவது. இவ்விரண்டையும் பொருத்தி ஆராய்தல் மூன்றாவது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வரிசை அழியவில்லை. ஆனால் வடக்கில் பிள்ளைக்குக் கிடைக்கும் தொழில் வழிகாட்டல் பெரும்பாலும் உயர்தரத்தில் கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா என்ற ஒரே கேள்வியாகச் சுருங்குகிறது. அதுவும் சாதாரண தரப் பெறுபேறு வந்த பிறகே எழுகிறது. வழிகாட்டல் ஆலோசனைக்கென நியமிக்கப்படும் ஆசிரியர்களும் வேறு பாடவேளைகளின் சுமைக்கு நடுவேதான் இப்பணியைச் செய்ய வேண்டியுள்ளது.

இதற்கிடையில் நாட்டின் தொழிற்கல்வி அமைப்பு பெற்றோர் அறிந்திருப்பதைவிடப் பெரிதும் விரிவடைந்துவிட்டது. தேசிய தொழிற் தகைமை என்பது ஏழு மட்டங்களைக் கொண்ட ஏணி: முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. மின்னிணைப்பாளராகவோ சமையற்கலைஞராகவோ நான்காம் மட்டத்தில் தொடங்குபவர், படிப்படியாக ஏறித் தொழினுட்பவியல் பட்டம் வரை செல்ல வழியுண்டு என்பதைப் பல வீடுகள் இன்றும் அறியவில்லை. உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பப் பிரிவு சேர்க்கப்பட்டது. 2017இல், சாதாரண தரத்தில் சித்தியடையாதோரும் பாடசாலையிலேயே தொடர்ந்து படிப்பதற்கென, பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டு, 26 தொழிற் பாடங்கள் வகுக்கப்பட்டன. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும், அங்கேயே அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்பப் பீடங்களும் சாவகச்சேரியிலிருந்து பேருந்தில் காலையில் சென்று மாலையில் திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன. கைதடியில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. மனைப்பொருளியல் பயின்றவர் தேசிய கல்வியியற் கல்லூரி வழியாக ஆசிரியராகலாம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களைத் தொடர்ந்தவர் வயம்ப பல்கலைக்கழகத்தில் உணவும் போசணையும் பற்றிய பட்டப்படிப்பை நாடலாம். இந்த வழிகள் அனைத்தையும் ஒரு தாளில் வரைந்து ஒன்பதாம் தர மாணவருக்கு விளக்க நான்கைந்து பாடவேளைகள் போதும். அந்த விளக்கம் பாடத்தெரிவுக்கு முன்னர் வரவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. தெரிவு முடிந்தபின் நடைபெறும் தொழிற் கண்காட்சிகள் பார்த்துவிட்டு வரும் நிகழ்ச்சிகளாகவே முடிகின்றன. 2025இல் கல்வி அமைச்சு முன்வைத்த புதிய சீர்திருத்தம், பாடங்களைச் சிறு அலகுகளாகப் பிரித்துக் கற்பிப்பதையும், பரீட்சைச் சுமையைக் குறைப்பதையும் நோக்கமாகக் கொண்டது. ஆறாம் தரத்தில் அதன் நடைமுறை 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ள இந்த இடைவெளியில், ஒன்பதாம் தரத்துக்கு இத்தகைய ஓர் அலகைச் சேர்ப்பது கடினமான கோரிக்கை அன்று.

மூன்றாவதான கற்றல் திறன், எவரும் கற்பிக்காமலேயே எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படும் ஒன்று. படி, படி என்று சொல்லும் வீடும் பாடசாலையும், எப்படிப் படிப்பது என்பதைச் சொல்வதில்லை. ஜெர்மனிய உளவியலாளர் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து தம்மையே சோதித்து, கற்றதன் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாள்களிலேயே மறந்துபோவதையும், இடைவெளி விட்டு மீளக் கற்பது அந்த மறதியைக் குறைப்பதையும் 1885இல் வெளியிட்டார். 2006இல் ரோடிகர், கார்பிக் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவரையும், ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்து எழுதிய மாணவரையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடத்தின் பின் வைத்த சோதனையில் முன்னவர் சிறிது முந்தினர். ஒரு வாரத்தின் பின் பின்னவரே தெளிவாக முந்தினர். 2013இல் டன்லோஸ்கி தலைமையிலான குழு பத்துக் கற்றல் முறைகளை மதிப்பிட்டபோது, தன்னைத்தானே வினவிச் சோதித்தலும் இடைவெளி விட்டுப் படித்தலும் முதன்மை பெற்றன; மாணவர் மிகுதியும் நம்பும் மீள்வாசிப்பும் நிறப்பேனாவால் கோடிடுதலும் குறைந்த பயனுடையவையாகக் கணிக்கப்பட்டன.

யாழ்ப்பாணத்து மாணவர் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகும் வழக்கம், தெரிந்தோ தெரியாமலோ, இந்த முறைகளுள் சிறந்ததன்மேல் அமைந்திருக்கிறது. ஆனால் விடைகளை ரியூட்டரியில் கரும்பலகையிலிருந்து பிரதிசெய்து மனனம் செய்யும்போது அந்தப் பயன் நழுவிவிடுகிறது; நினைவுகூரும் முயற்சி மாணவருடையதாக இருக்கும்போதுதான் அது கல்வியாகிறது. பாடசாலை முடிந்து மாலை முழுவதும் வகுப்பு, இரவு வீட்டுவேலை என ஓடும் பிள்ளைக்குக் கேட்டதை அசைபோட ஒழிந்த நேரமே இல்லாமற் போவதும், கற்றது மனத்தில் நிலைக்கத் தேவையான உறக்கம் குறைவதும் இங்கு கணக்கில் எடுக்கப்பட வேண்டியவை. எடுத்த வகுப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு உழைப்பை அளக்கும் பெற்றோருக்கும் இந்தப் பாடம் தேவை.

இவற்றை மேலைநாட்டுப் புதுமை என ஒதுக்கவும் இயலாது. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியரின் இலக்கணத்தோடு மாணவர் பாடம் கேட்கும் முறையையும் விரிவாக வகுத்துள்ளது. பாடத்தைப் பேணி மனத்தில் வைத்தல், கேட்டவற்றை மீண்டும் மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அடுத்து ஐயம் நீங்கக் கேட்டல், தம்மையொத்த மாணவரோடு சேர்ந்து பயிலல், வினாவுதல், பிறர் வினாவியவற்றுக்கு விடையிறுத்தல் என அது கூறும் கடமைகள், இன்றைய ஆய்வுகள் நினைவுகூர்தல், இடைவெளிப் பயிற்சி, சக மாணவர் கற்பித்தல் என்று பெயரிட்டு அழைப்பவற்றோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆறுமுக நாவலர் காண்டிகையுரையோடு பதிப்பித்து யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் பரப்பிய நூல் அது. தமிழ்ப் பாடவேளையில் இலக்கணமாகவே படித்து முடிக்கப்படும் அப்பாயிரத்தை, படிக்கும் முறைக்கான முதற்பாடமாக ஒன்பதாம் தரத்தில் வைத்தால், புதிய பாடநூல் எதுவும் அச்சிட வேண்டியதில்லை.

நன்னூலின் இன்னொரு கணிப்பும் பாடசாலை நிருவாகத்துக்குப் பயன்படக்கூடியது. ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டவருக்கும் அறிவின் காற்பங்கே வாய்க்கிறது. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு சேர்கிறது. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வருகிறது என்பது அதன் கணக்கு. தென்மராட்சியின் உயர்தரப் பாடசாலைகளில் உயிரியல், விவசாய விஞ்ஞானம், மனைப்பொருளியல், தொழினுட்பம் பயிலும் பன்னிரண்டாம் தர மாணவர்களே, ஆசிரியரின் மேற்பார்வையில், வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒன்பதாம் தர வகுப்புகளுக்குச் சென்று, உணவுப் பொதியின் சுட்டியை வாசிப்பது முதல் தொழிற் தகைமை ஏணியை விளக்குவது வரை கற்பிக்க ஏற்பாடு செய்யலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே பாடத்தெரிவைச் செய்தவர்கள் அவர்கள். சரியாகத் தெரிந்தெடுத்ததையும் பிழையாகத் தெரிந்தெடுத்ததையும் அவர்களிடம் இளையவர்கள் கூச்சமின்றிக் கேட்பார்கள். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும், அதிபரின் இணக்கமும், நேரசூசியில் ஒரு நாற்பது நிமிடமும் கிடைத்தால், அடுத்த தவணையிலேயே இதைத் தொடங்கிவிட முடியும்.